சிஞ்ஞோரின் இரண்டாவது உத்தியோகம்

நான் வேலைக்குப் போன முதல் நாளே சிஞ்ஞோர், அதாவது வீட்டு ஐயா, தன் முன்பற்கள் நான்கையும் கழற்றிக் காட்டினார். அவற்றைத் தண்ணீர்த் தம்ளருக்குள் போட்டுவிட்டு, என் மகளைப் பார்த்து ஓட்டை வாயால் சிரித்தார். அவளுக்கு அப்போது இரண்டு வயது. அவள் அலறப் போகிறாள், அலறினால் இந்த வீடும் இல்லை என்று நான் பதறிக்கொண்டு நிற்க, அவள் தன் முன்பல்லைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். அது வராதபோதுதான் அழுதாள்.

"பாத்தியா, உன்ரை பிள்ளைக்கு என்னிலை பொறாமை," என்றார் சிஞ்ஞோர்.

அவர் இத்தாலிய மொழியில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அப்படித்தான் எனக்குள் அது கேட்டது. அந்த வீட்டில் எல்லோரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள்போல என் ஞாபகத்தில் கதைக்கிறார்கள். சரியோ பிழையோ தெரியவில்லை.

வீடு இத்தாலியின் தென்கோடித் தீவில், பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால், நான்காம் மாடியில் இருந்தது. கீழே அவருடைய மனைவி சிஞ்ஞோராவின் மருந்துக்கடை. அதற்கு முன் நான் வேலை கேட்டு ஏறிய வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான்: பிள்ளையை யார் பார்ப்பது? என் கணவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் காலையிலிருந்து நின்றார். எங்கள் தெருவில் ஒரு அக்கா ஐந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்தார். அங்கே ஒரு கிழமை மகளை விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அப்போது கிடைத்திருந்த ஒரு வேலைக்கு நடுவில் மூன்று தரம் ஓடிப்போய்ப் பார்த்ததில் அந்த வேலை போய்விட்டது.

சிஞ்ஞோரா மட்டும் கேட்ட உடனே சொன்னார்: "கூட்டிக்கொண்டு வா. வீட்டிலை ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கு. இன்னொண்டு வந்தால் என்ன?"

அந்த முதல் பிள்ளைக்கு வயது முப்பத்தெட்டு. உயரம் கதவு நிலை அளவு.

சிஞ்ஞோர் வடக்கே மலைநாட்டில் பிறந்தவர். ஐஸ் ஹாக்கியே அவருடைய தொழிலாக இருந்தது; அதற்கு மாதச் சம்பளம் எடுத்தவர். பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டு ஒரு கறுப்பு ரப்பர் வில்லையைத் துரத்துவதற்குச் சம்பளமா என்று நான் முதலில் நம்பவில்லை. பிறகு அலுமாரியில் தூசி தட்டும்போது படங்களைப் பார்த்தேன். தலைக்கவசத்துக்குள் இருந்து அதே மூக்கு, இன்னும் வளையாமல். மூக்கு மூன்று தரம் முறிந்தது. பற்கள் ஒரே அடியில் போயின. எந்தத் தழும்பு எந்த ஊர்க்காரன் தந்தது என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவார். சிலர் விருந்தினருக்குக் கல்யாண அல்பம் காட்டுவார்களே, அப்படி.

முப்பத்தாறு வயதில் முழங்கால் இரண்டும் இனி ஏலாது என்றன. கடைசிப் பருவம் முடிந்து அணி முழுதும் பொழுதுபோக்காக ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் போனார்களாம். பந்து ஓடாமல் நிற்கிறது, இடிக்க ஒருவரும் வரவில்லை, இதையும் விளையாட்டு என்கிறார்களே என்று சிரித்தாராம். முதல் அடியில் பந்து ஒரு மரத்தில் பட்டுத் திரும்பி வந்து அவருடைய காலிலேயே விழுந்ததாம். இத்தனை வருடத்தில் தன்னை அப்படி ஒருவரும் அவமானப்படுத்தியதில்லை என்று சொல்லுவார். அன்றைக்கே மட்டைகள் வாங்கிவிட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் இரண்டாவது உத்தியோகத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். கோல்ஃப் ஆசிரியராவது. பலெர்மோவில் அவர் விளையாட மைதானம் இல்லை. மாதத்தில் இரண்டு தரம் காரை எடுத்துக்கொண்டு தீவின் மறுபக்கம், எரிமலை அடிவாரம்வரை போய் வருவார். மற்ற நாட்களில் மொட்டைமாடிதான் மைதானம். வுச்சீரியாச் சந்தையில் ஒரு மீன்காரரிடம் பழைய வலை வாங்கி இரண்டு கம்பங்களில் கட்டியிருந்தார். அதற்குள் பந்தை அடிப்பார். வலையின் கிழிசல்களை நான் சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்துக் கொடுப்பேன். இருந்தும் ஒரு பந்து எங்கேயோ புகுந்து போய், எதிர்வீட்டு எலுமிச்சைச் சாடியை உடைத்தது. அந்த வீட்டுக்காரியிடம் மன்னிப்புக் கேட்க என்னையே அனுப்பினார். குழந்தையோடு போனால் ஏசமாட்டார்களாம்.

பந்து பிழைத்தால் அவருக்கு வாயில் கெட்ட வார்த்தை வரும். சிஞ்ஞோரா உடனே விரலைக் காட்டுவார்: "ரெண்டு நிமிஷம்!" ஹாக்கியில் பிழை விட்டவர் போய் வெளி வாங்கில், ஒரு நீளப் பலகையில், இரண்டு நிமிடம் இருக்கவேண்டுமாம். வீட்டில் அந்த வாங்கு குளியலறை. அந்தப் பெரிய மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போய்த் தொட்டி விளிம்பில் இருந்துவிட்டு வருவார். என் மகள் இதைப் பார்த்துப் பழகி, ஒருநாள் பாலைக் கொட்டிவிட்டு, நான் வாய் திறக்கமுன் தானே குளியலறைக்குப் போய் இருந்தாள். நல்ல பழக்கமா, கெட்ட பழக்கமா? அன்று முழுக்க யோசித்தேன். அடுத்த நாள் நான் ஒரு கோப்பையை உடைக்க, அவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, போ! துவே மினூத்தி!" இரண்டு நிமிடம். போய் இருந்தேன். வேறென்ன செய்வது?

மெதுவாக உருட்டும் அடிகளை அவர் அறைகளுக்கு நடுவே ஓடும் நீண்ட நடையில் பழகுவார். தரை பழைய பளிங்கு. மறுகோடியில் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தைச் சரித்து வைத்து அதற்குள் பந்தை உருட்டவேண்டும். பந்தைப் பொறுக்கிக் கொண்டுவருவது என் மகளின் உத்தியோகம். அவரை 'ட்சியோ' என்று, இங்குள்ள பிள்ளைகள் மாமாவைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவாள்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. அந்தப் புரட்டாசியில், சாப்பாட்டு மேசையில் சிஞ்ஞோர் ஒரு கடிதத்தை வாசித்தார். ஆசிரியருக்கான ஆட்டப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு நாள் ஆடி, குறித்த அடிகளுக்குள் முடிக்கவேண்டும். முடித்தால் அவருடைய சொந்த மலைநாட்டில் ஒரு மைதானத்தில் வேலை தயார். வசந்தத்தில் தொடங்கலாம்.

"அப்ப வீடு?" என்று கேட்டார் சிஞ்ஞோரா.

"அங்கையும் வீடுகள் இருக்குதானே."

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு நின்றேன். வசந்தம் என்றால் ஆறு மாதம். அவர் வென்றால் நானும் பிள்ளையும் திரும்பவும் படியேறி, பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்குத் தலைகுனிந்து நிற்கவேண்டும். அவர் தோற்றால் நாங்கள் தப்பினோம். ஆனால் அவர் தோற்கவேண்டும் என்று எப்படி நினைப்பது? அவருடைய காலுறைகளைத் தோய்க்கிறவள் நான். வலையைத் தைக்கிறவள் நான்.

அன்று என் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, அவர் பாஸ் பண்ணவேணுமெண்டு நினைக்கிறதோ, வேண்டாமெண்டு நினைக்கிறதோ?"

"நீர் நினைச்சு அந்தப் பந்து ஓடுமெண்டால், முதல்லை என்ரை முதலாளியின்ரை தலையை நோக்கி ஒருக்கால் நினையும்."

"பகிடி விடாதேங்கோ."

"பின்னை என்ன? அந்த மனுசன் பனியிலை விழுந்தெழும்பி இவ்வளவு காலம் உழைச்சவர். நீர் ஒரு மூலையிலையிருந்து யோசிக்கிறதாலை விழமாட்டார்."

அந்த வாரங்களில் இன்னொரு சிக்கல் வந்தது. தரைக்கு மெழுகு. வழக்கமாக மாதத்துக்கு ஒருமுறை நடையை மெழுகு போட்டுத் துடைப்பேன். மெழுகு போட்டால் பந்து கட்டுக்கடங்காமல் ஓடும். சிஞ்ஞோர் என்னிடம் வந்து, பரீட்சை முடியும்வரை மெழுகு வேண்டாம் என்றார். நான் சிஞ்ஞோராவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பாமல், "கிழமைக்கு ரெண்டு தரம் போடு," என்றார். யாருடைய சொல்லைக் கேட்பது? சம்பளம் தருகிறவர் சிஞ்ஞோரா. ஒரு பாதிக்கு மெழுகு போட்டு, மறுபாதியை வெறும் தண்ணீரால் துடைத்தேன். நேராகப் போன பந்து நடுவில் மெழுகைத் தொட்டதும் நிற்காமல் வழுக்கிச் சுவரில் போய் முட்டியது. சிஞ்ஞோர் முழங்காலில் நின்று தரையை முகர்ந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நானாகவே குளியலறைக்குப் போனேன்.

சரஸ்வதி பூசை வந்தது அப்போதுதான். நான் ஒருநாள் லீவு கேட்டேன். ஏன் என்று சிஞ்ஞோர் கேட்டபோது சுருக்கமாகச் சொல்லி முடித்திருக்கலாம். நான் படித்தவள் என்ற நினைப்பில் விளக்கமாகச் சொன்னேன்: புத்தகங்களையும் தொழில் செய்கிற கருவிகளையும் சாமி படத்துக்கு முன் வைத்துப் பூசை செய்வோம், அன்றைக்கு அவற்றைத் தொடமாட்டோம், அடுத்த நாள் விடிய எடுத்துத் தொடங்குவோம் என்று. என் கணவர் தன் காய்கறி வெட்டும் கத்தியை வைப்பார், நான் என் பழைய ஆங்கில அகராதியை வைப்பேன் என்று.

சிஞ்ஞோரின் கண் அகன்றது. ஹாக்கிக்காரர்கள் சகுனத்தில் எங்கள் மாமிமாரைத் தோற்கடிப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆட்ட நாளில் இடது சப்பாத்தைத்தான் முதலில் போடுவாராம். வென்றுகொண்டிருக்கும்வரை தாடி வழிக்கமாட்டாராம்.

"என்ரை மட்டையளையும் வை," என்றார்.

"வைச்சால் முழு நாளும் தொடேலாது, சிஞ்ஞோர். பரீட்சைக்கு இன்னும் அஞ்சு நாள்தான் கிடக்கு."

"தொடமாட்டன்."

"பழகவேண்டாமோ?"

"உன்ரை சாமி பழகட்டும்."

எங்கள் வீடு கபோ சந்தைக்குள், இரண்டாம் மாடியில் ஒரே அறை. காலையில் அவர் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மீன் பெட்டிகளுக்கும் கத்தரிக்காய்க் குவியல்களுக்கும் நடுவில் வந்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வழிகாட்டினேன். இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் விடவில்லை.

"ஓய் நெட்டையா, இதாலை என்ன மீன் பிடிக்கிறது?"

"வாள்மீனுக்கு நேரை நிண்டு அடிப்பான்போலை!"

"தங்கச்சி, எங்கை பிடிச்சனீ இவனை? கிலோ என்ன விலை?"

சிஞ்ஞோர் பல்லைக் கழற்றி அந்தக் கடைசி ஆளிடம் காட்டினார். ஆள் ஒரு எலுமிச்சம்பழம் சும்மா கொடுத்தான்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் அகராதி, கத்தி, அவற்றின் பக்கத்தில் நீளமாகப் பதினான்கு மட்டைகள். சந்தனமும் குங்குமமும் ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். அவலும் கடலையும் படைத்தேன். சிஞ்ஞோர் சுவரோடு ஒட்டிக் காலை மடக்கி இருந்தார். முழங்கால்கள் காதுவரை வந்தன. என் கணவர் தேவாரம் பாட, நான் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு நின்றேன். கேட்கவேண்டிய நேரம். அவர் வெல்லவேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. பக்கத்தில் என் மகள் அவருடைய பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோற்கவேண்டும் என்று கேட்க, அந்த மட்டைகளுக்கு என் கையாலேயே பொட்டு வைத்துவிட்டு எப்படிக் கேட்பது? 'உங்கள் விருப்பம், தாயே' என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். பரீட்சையில் விடை தெரியாதபோது வெறும் தாளைக் கொடுத்த மாதிரி இருந்தது.

அடுத்த நாள் விடியமுன்னே அவர் வந்து கதவைத் தட்டினார். முகம் சரியில்லை. முழு நாளும் கை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் மூன்று கதவுப்பிடிகளைக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார். சம்பிரதாயத்துக்கு ஒரு பந்தை எங்கள் அறையில் உருட்டச் சொன்னேன். பந்து அரிசிப்பானையில் பட்டு நின்றது. அது நல்ல சகுனமா என்று கேட்டார். "ஓம்," என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்?

அவர் வடக்கே போன பிறகு இரண்டு பயங்களும் என்னுடன் இருந்தன. தோற்றால், பழகவிடாமல் ஒரு நாளைப் பறித்தவள் நான். வென்றால், என் பிள்ளையின் இடத்தை நானே பொட்டு வைத்து அனுப்பியவள்.

இரண்டாம் நாள் மத்தியானம், சிஞ்ஞோரா சாப்பிட மேலே வந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். "பிராவோ, அமோரே. பிராவோ," என்று, சபாஷ் கண்ணே என்பதுபோல, தேன் சொட்டச் சொன்னார். வைத்தார். பிறகு சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து, என் ஏப்ரனை இழுத்துக் கண்ணைத் துடைத்தார். ஏப்ரன் என் இடுப்பில் கட்டியிருந்தது.

"பாஸாம். ஒரு அடி மிச்சமாம்."

"ஏன் அழுகிறியள், சிஞ்ஞோரா? சந்தோசமோ?"

"சந்தோசமோ? நான் கோயில் மலையிலை ஏறினனான். வெறுங்காலோடை. எங்கடை ஊரைக் காக்கிற புனிதையிட்டைப் போய்க் கேட்டனான்."

"அவர் பாஸ் பண்ணவேணுமெண்டோ?"

"உனக்கென்ன விசரே? தோக்கவேணுமெண்டு!"

மெழுகு ஏன் கிழமைக்கு இரண்டு தரம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் கடலையும் கடையையும் விட்டு, ஆறு மாதம் பனி மூடுகிற ஊருக்குப் போக அவருக்கும் மனமில்லை. அதைக் கணவனிடம் சொல்லவும் மனமில்லை. ஹாக்கி போன வருடம் அந்த மனிதர் மாதக்கணக்கில் கட்டிலை விட்டு எழும்பவில்லையாம்; கடைசியில் எழுப்பியது இந்த மட்டைகள்தானாம்.

"நீ என்ன கேட்டனீ?" என்று திடீரென்று என்னைப் பார்த்தார். "மட்டையெல்லாம் உன்ரை சாமிக்கு முன்னாலைதானே கிடந்தது."

"நான் ஒண்டும் கேக்கேல்லை. உங்கடை விருப்பமெண்டு விட்டிட்டன்."

"மடோன்னா!" மாதாவைக் கூப்பிட்டபடி சிஞ்ஞோரா இரண்டு கையையும் தலையில் வைத்தார். "ஒரு முழு நாள் கையுக்குள்ளை வைச்சுக்கொண்டு சும்மா விட்டனியோ? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

அழுதுகொண்டே சிரித்தோம். பாஸ்தா ஆறிப்போனது. போவது என்று அவர் முடிவெடுத்தது அந்த மேசையில்தான். "என்னெண்டு போகாமல் விடுறது? அவர் 'நான் வென்றிட்டன்' எண்டு சொன்ன குரல் உனக்குக் கேட்டிருந்தால்," என்றார்.

மாசி மாதம் எனக்கு வேலை தேடத் தொடங்கினோம். தேடியவர் சிஞ்ஞோர். நேர்முகத்துக்கு என்னோடும் பிள்ளையோடும் தானும் வருவேன் என்று நின்றார், கையில் ஒரு மட்டையோடு. முதல் வீட்டில் அந்த அம்மாள் என்னிடம் கேள்வி கேட்கமுன் அவர் பல்கணிக்குப் போய்க் கம்பி பிள்ளை விழாத உயரமோ என்று மட்டையால் அளந்தார். "குறைவு," என்றார். வந்த வேகத்தில் வெளியே வந்தோம். இரண்டாம் வீட்டில் ஒரு நாய். அது யாரையாவது கடித்திருக்கிறதா, எப்போது, எங்கே என்று விசாரித்தார். அந்த அம்மாளுக்கு முகம் சிவந்தது.

படியில் இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "சிஞ்ஞோர், சம்பளம் தாறது அவை. கேள்வி அவைதான் கேக்கிறது."

"எங்கடை ஆளை இன்னொரு அணிக்குக் குடுக்கேக்கை நாங்கள் இப்பிடித்தான் விசாரிக்கிறது."

"நான் உங்கடை அணியோ?"

"நீ என்ரை கோல் காக்கிற ஆள். அந்த ஆளை எந்த மடையன் விசாரிக்காமல் குடுப்பான்?"

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இப்படியே போனால் பலெர்மோவில் ஒரு வீடும் மிஞ்சாது.

மூன்றாவது வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை தனியாக இருந்தார். சிஞ்ஞோர் வாயைத் திறக்கமுன் அவர் கேட்டார்: "நீங்கள் என்ன தொழில்?"

வழக்கமாக இந்தக் கேள்விக்குச் சிஞ்ஞோர் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். 'ஹாக்கி விளையாடினவர்' என்று சிஞ்ஞோரா சொல்லி முடிப்பார். அன்றைக்குச் சிஞ்ஞோரா அங்கே இல்லை.

"கோல்ஃப் ஆசிரியர்," என்றார் சிஞ்ஞோர். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"ஆசிரியர் எண்டால் உண்மை சொல்லுங்கோ. இந்தப் பிள்ளை என்ரை வீட்டிலை சாமான் உடைப்பாளோ?"

"உடைப்பாள்," என்றார். "நானும் கன சாமான் உடைச்சனான். இவதான் கூட்டி அள்ளினவ."

ஆசிரியை என் மகளைப் பார்த்தார். மகள் அவருடைய மேசையிலிருந்த உலக உருண்டையைச் சுற்றத் தொடங்கியிருந்தாள். "திங்கட்கிழமை எட்டு மணி," என்றார். "பிள்ளையோடை வா."

சிஞ்ஞோர் எழும்பிவிட்டார். பட்ட சந்தோசத்தில் அளக்க மறந்துவிட்டார். நான் எழும்பவில்லை. வந்த இடத்தில் இதைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று ஒருமுறை நினைத்தேன். கேட்காவிட்டால் ஞாயிறுவரை நித்திரை வராது என்று மறுமுறை நினைத்தேன்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. உங்கடை பல்கணியை நான் ஒருக்கால் பாக்கலாமோ?"

சிஞ்ஞோரின் கையிலிருந்து மட்டையை வாங்கிக்கொண்டு போய்க் கம்பியோடு நிமிர்த்தி வைத்தேன். கம்பி மட்டையைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது. இடைவெளிகளிலும் என் கையை விட்டுப் பார்த்தேன். பிறகு உள்ளே வந்து, திங்கட்கிழமை எட்டுக்கு வாறம் என்று சொன்னேன்.